ஒரே புல்லு, ரெண்டு குடா, ரெண்டு வேகம்: ஸ்பார்டினா பரவின கதை முழுசா

அமெரிக்காவோட மேற்குக் கரையில ரெண்டு குடா இருக்கு, வாஷிங்டன் மாநிலத்துல வில்லாப்பா குடா, கலிஃபோர்னியாவுல சான் பிரான்சிஸ்கோ குடா. ரெண்டுலயும் ஒரே புல்லுதான் உள்ள வந்துச்சு, ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரான்னு ஒரு உப்புச் சதுப்புப் புல்லு (இப்ப ஸ்போரோபோலஸ் பேரினத்துல சேர்த்துட்டாங்க, ஆனா களத்துல இருக்குறவங்க இன்னும் ஸ்பார்டினான்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்). வில்லாப்பாவுல அது பல பத்தாண்டா சும்மா ஓரமா உக்காந்திருந்துச்சு, யாரும் கண்டுக்கல. சான் பிரான்சிஸ்கோவுல முப்பது வருஷத்துக்குள்ள பூர்வீகப் புல்லையே முழுங்குற நிலைக்கு வந்துருச்சு. எதனால இந்த வித்தியாசம்? தண்ணி சூடு, சேறோட தன்மைன்னு பல பதில் சொல்லலாம், ஆனா எனக்குத் தெரிஞ்சு முக்கியமான பதில் மகரந்தம்தான். புல்லு பரவுறதுன்னாலே நாம வேரையும் தண்டையும் பத்தி யோசிக்கிறோம், இந்த கேஸ்ல பூதான் கதாநாயகன். அதை வரிசையா பாப்போம்.

முதல்ல புல்லு எப்படி வேலை செய்யுதுன்னு

ஸ்பார்டினாவோட சொந்த ஊர் வட அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையும் மெக்சிகோ வளைகுடாக் கரையும். அங்க அது வில்லன் இல்ல, நல்லா உழைக்கிற புல்லு, அலையைத் தடுக்கும், மீன் குஞ்சு நண்டு எல்லாத்துக்கும் வீடு. கடல் ஏறும்போது உப்புத்தண்ணி முழுக்கி, வத்தும்போது சேறு வெளிய தெரியுற இடம் இருக்கே, அங்க நிக்கிறதுக்குன்னே வளர்ந்த உடம்பு அதுக்கு. இலையில உப்பை வெளியேத்துற சுரப்பி இருக்கு, தண்டுக்குள்ள காத்து போற குழாய் மாதிரி திசு இருக்கு, அதனால ஆக்சிஜனே இல்லாத கருப்புச் சேத்துக்குள்ளயும் வேருக்கு மூச்சு கிடைக்கும்.

பெருகுறதுக்கு ரெண்டு வழி வச்சிருக்கு. ஒண்ணு ரைசோம், அதாவது சேத்துக்கு அடியில படுத்துக்கிட்டே போற தண்டு. அதுல கணுவுக்குக் கணு புதுத் தூர் கிளம்பும். ஒரு விதை முளைச்சா சில வருஷத்துல அது வட்டமான ஒரு திட்டா மாறிடும், வானத்துல இருந்து பாத்தா சேத்துவெளியில பச்சை வட்டம் வட்டமா தெரியும், ஒவ்வொரு வட்டமும் ஒரே செடி. ஓரம் வருஷத்துக்கு அரை மீட்டர்ல இருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் நகரும், இடத்தைப் பொறுத்தது. கரை அரிச்சோ, தூர் வாருற மெஷின் பட்டோ ரைசோம் துண்டு பிய்ஞ்சு போனா அதுவும் மிதந்து போய் வேர் பிடிக்கும். ஆனா ரெண்டு குடாவிலயும் தூரம் தாண்டுற வேலையைப் பெரும்பாலும் பண்ணது துண்டு இல்ல, விதை.

விதைதான் ரெண்டாவது வழி. கோடை கடைசியில கதிர் வரும், காத்துலதான் மகரந்தம் போகும், தேனீ கீனீ கிடையாது. ஒவ்வொரு பூவுலயும் முதல்ல சூல்முடி வெளிய நீட்டும், மகரந்தப்பை பிறகுதான் வெடிக்கும், அதனால தன் பூவுலயே தன் மகரந்தம் விழுறது குறையுது. அப்படியே விழுந்தாலும் பெருசா மணி பிடிக்காது, இதுக்கு வேற செடியோட மகரந்தம் வேணும். இலையுதிர் காலத்துல விதை கொட்டும், காஞ்ச தண்டு குப்பையோட சேர்ந்து மிதந்து போகும், குளிர்ல ஈரத்துலயே சில வாரம் ஊறுனாதான் உறக்கம் கலையும், வசந்தத்துல முளைக்கும். காய வச்சா செத்துடும். சேத்துக்குள்ள வருஷக்கணக்கா உறங்கிக் கிடக்குற விதை இருப்பு இதுக்குக் கிடையாது, இந்த வருஷ விதை அடுத்த வருஷம் முளைக்கலைன்னா அவ்வளவுதான். இந்த ஒரு பாயிண்டை மனசுல வச்சுக்கங்க, கடைசியில அழிக்கிற வேலைக்கு வரும்போது இதுதான் பெரிய துணை.

வில்லாப்பா: காத்துக்கிட்டே இருந்த புல்லு

வில்லாப்பாவுக்கு இது 1890கள்ல கிழக்குக் கரையில இருந்து சிப்பி கொண்டு வந்தப்ப கூடவே வந்ததுன்னுதான் சொல்றாங்க. சிப்பி வளர்க்க குஞ்சு சிப்பியை ரயில்ல அனுப்புவாங்க, ஈரமா இருக்க சதுப்புப் புல்லை அடியில போட்டு பேக் பண்ணியிருப்பாங்க, இறக்குன இடத்துல அந்தக் குப்பை சேத்துல விழுந்துருக்கும். யாரும் திட்டம் போட்டு நடல.

அதுக்கப்புறம் பல பத்தாண்டுக்கு அங்கங்க சில வட்டம், அவ்வளவுதான். பூத்ததைப் பாத்ததாவே 1940கள்லதான் பதிவு வருது. 1980கள் 90கள்ல திடீர்னு எகிறி, 2000 தாண்டுனப்ப ஆயிரக்கணக்கான ஏக்கர் சேத்துவெளி புல்வெளியா மாறிடுச்சு. இந்த மாதிரி நீளமா சும்மா இருந்துட்டு எகிறுற ஊடுருவல் நிறைய செடிகள்ல உண்டு, ஏன்னு கேட்டா பொதுவா "பழகிக்கிட்டிருக்கு"ன்னு ஒரு மழுப்பல் பதில்தான் கிடைக்கும். இங்க அப்படி இல்ல, காரணத்தைக் கையால தொட்டுப் பாத்துட்டாங்க. 2004ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி இதழ்ல வந்த ஆய்வு அது. தனியா நிக்கிற திட்டையும் நெருக்கமா சேர்ந்துட்ட புல்வெளியையும் எடுத்து விதையை எண்ணினாங்க. தனித் திட்டுல கதிர் நல்லாத்தான் இருக்கு, உரிச்சுப் பாத்தா நெல்லுல பால் பிடிக்காத கதிர் மாதிரி பெரும்பாலும் பதர். சேர்ந்த புல்வெளியில மணி பிடிச்சது கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகம். கையால வேற செடி மகரந்தத்தைக் கொண்டு போய் வச்சா தனிச்செடியிலயும் மணி பிடிச்சுது. அப்ப குறை செடியில இல்ல, காத்துல வர்ற மகரந்தத்துல.

இதுக்கு ஆலி விளைவுன்னு பேரு, கூட்டம் சின்னதா இருந்தா தலைக்கு இவ்வளவுன்னு பெருகுற வேகமும் குறைஞ்சு போறது. காத்துல மகரந்தம் விடுற செடிக்கு இது வராதுன்னுதான் பலர் நினைச்சிருந்தாங்க, காத்துல அவ்வளவு தூள் பறக்குதே, எட்டாம எங்க போகும்னு. எட்டல. ரைசோம் மட்டும் ஓரத்துல மெல்ல மெல்ல தள்ளிக்கிட்டே இருந்து, வட்டம் பெருசாகி, பக்கத்து வட்டத்தோட முட்டுன பிறகுதான் விதைத் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சுது. அதாவது தாமதத்தோட நீளத்தை முடிவு பண்ணது ரைசோம், வெடிப்பைப் பண்ணது விதை. இந்த ரெண்டையும் தனித்தனியா பேசுற புத்தக விளக்கங்கள் எனக்குப் பத்தாதுன்னு தோணும், ஒண்ணு இன்னொண்ணுக்கு வழி விடுறதுதான் விஷயமே.

முக்கியமா இன்னொண்ணு, வில்லாப்பாவுல இதுக்குச் சொந்தக்காரப் புல்லு எதுவும் கிடையாது. பூர்வீக ஸ்பார்டினா அங்க இல்ல. அதனால தன் இன மகரந்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்.

சான் பிரான்சிஸ்கோ: சொந்தக்காரன் காத்திருந்தான்

இங்க கதை வேற மாதிரி. இங்க ஸ்பார்டினா ஃபோலியோசான்னு பூர்வீகப் புல்லு ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு, கொஞ்சம் குட்டை, கொஞ்சம் சன்னம், சதுப்போட கடல் பக்க ஓரத்துல ஒரு குறிப்பிட்ட உயரத்துல மட்டும் நிக்கும், அதுக்குக் கீழ இருக்குற சேத்துவெளியை விட்டுரும்.

1970கள்ல அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தெற்குக் குடாவுல அலமீடா ஓடை பக்கத்துல ஒரு பழைய உப்பளப் பாத்தியைத் திரும்ப சதுப்பா மாத்துற வேலை எடுத்தாங்க. நல்ல நோக்கம், அதுல சந்தேகமே இல்ல, குடாவோட சதுப்பு பெரும்பகுதி ஏற்கெனவே கரை கட்டி, உப்பளமாக்கி, ஊராக்கி காலியாயிருந்த நேரம். வேகமா வளரும், சேத்தைப் பிடிக்கும்னு கிழக்குக் கரை புல்லைக் கொண்டு வந்து நட்டாங்க. பூர்வீகப் புல்லு கண்ணு முன்னாடியே இருந்தும் வேகம் வேணும்னு வெளியூர்ப் புல்லைத் தேடுனதுதான் இந்த கேஸோட வேர். அங்கேருந்து குடாவுக்குள்ள வேற சில இடங்களுக்கும் போச்சு.

அப்ப ஆலி விளைவு என்ன ஆச்சு? கொஞ்ச நாள் இங்கயும் அது வேலை செஞ்சிருக்கும். ஆனா பக்கத்துலயே ஆயிரக்கணக்கான பூர்வீகக் கதிர் பூத்து நின்னுச்சு. ரெண்டுக்கும் குரோமோசோம் தொகுதி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆறு தொகுதி, அறுபது சொச்சம் குரோமோசோம், அதனால கலந்தா பிறக்குற பிள்ளை மலடு இல்ல. இது சாதாரண விஷயம் இல்லைங்க. இதே ஆல்டர்னிஃப்ளோரா 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தோட சவுதாம்ப்டன் பக்கம் போய் அங்கத்திய ஸ்பார்டினா மாரிட்டிமாவோட கலந்தப்ப பிறந்தது மலட்டுக் கலப்புதான், ரைசோம்ல மட்டும் பரவிக்கிட்டு இருந்துச்சு, 1890 வாக்குல அதோட குரோமோசோம் இரட்டிச்சப்பதான் ஸ்பார்டினா ஆங்க்லிகான்னு விதை பிடிக்கிற புது இனமே வந்துச்சு, பிறகு அதை நெதர்லாந்துல இருந்து நியூசிலாந்து வரைக்கும் சேறு பிடிக்கன்னு கொண்டு போய் நட்டாங்க. சான் பிரான்சிஸ்கோவுல அந்த இடைப்பட்ட கட்டமே தேவைப்படல, முதல் தலைமுறையிலயே விதை பிடிச்சுது.

1990கள் கடைசியில டேவிஸ்ல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்கள் மரபணு சோதனை பண்ணி கலப்பு நடக்குதுன்னு உறுதி பண்ணாங்க. 1998ல வந்த வேலைதான் ரொம்ப சங்கடமானது. வந்த புல்லு பூர்வீகப் புல்லை விட 21 மடங்கு உயிருள்ள மகரந்தத்தை விடுதுன்னு கணக்கு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, பூர்வீகச் செடி தன் இடத்துல நல்லா ஆரோக்கியமா நிக்குது, வேரை யாரும் பிடுங்கல, நிழல்ல யாரும் அமுக்கல, ஆனா அதோட சூல்முடியில விழுறது வேற இனத்தோட தூள், அதோட கதிர்ல விளையுறதே கலப்பு விதை. தாய்ச் செடியே தன் எதிரியோட பிள்ளையைப் பெத்து தண்ணியில விடுது. செடி எண்ணிக்கையை மட்டும் எண்ணுற சர்வேயில இது தெரியவே தெரியாது, எல்லாம் பச்சையாத்தான் இருக்கும்.

அடுத்த தலைமுறை இன்னும் மோசம். கலப்புகள் ஒண்ணோடொண்ணும், பெத்தவங்களோடயும் திரும்பத் திரும்பக் கலந்து ஒரு கலப்புக் கும்பலே உருவாச்சு, அதுல சிலது ரெண்டு பெத்தவங்களையும் தாண்டுன உயரம், ரெண்டு பேரும் நிக்காத ஆழத்துலயும் நிக்கும், மகரந்தமும் அதிகம். பூக்குற மாசமும் பெத்தவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பரவி நிக்கிறதால ரெண்டு பக்கமும் பாலம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. எல்லாத்தையும் விட பெரிய திருப்பம், 2009ல வெளியான ஆய்வுல தெரிஞ்சது, சில கலப்புச் செடிகள் தன் மகரந்தத்தாலயே நல்லா விதை பிடிக்குதுன்னு. பெத்தவங்க ரெண்டு பேர்கிட்டயும் பெருசா இல்லாத குணம் சில பத்தாண்டுக்குள்ள கலப்புல வந்து நின்னுச்சு, ஏன்னா வெறும் சேத்துவெளியில தனியா விழுந்து நிக்கிற செடிகள்ல எது தனக்குத்தானே விதை பிடிக்குதோ அதோட பிள்ளைங்கதான் அக்கம்பக்கம் நிரம்பும். வில்லாப்பாவுல பல பத்தாண்டு பிடிச்சு வச்சிருந்த பிரேக்கு இங்க கழண்டு போச்சு. ஒத்தை விதை ஒரு ஒதுக்குப்புறச் சேத்துல விழுந்தாலே போதும்னு ஆயிடுச்சு.

இதனால என்ன கெட்டுப் போச்சுன்னு கேப்பீங்க, புல்லுதானே. கடல் வத்துனப்ப தெரியுற சேத்துவெளிதான் பசிபிக் வலசைப் பாதையில வர்ற உள்ளான் மாதிரி கரைப்பறவைகளுக்கு இரை எடுக்குற இடம், அதுல புல்லு ஏறுனா அலகை நுழைக்க இடமில்ல. வெள்ளம் வடியுற கால்வாய் தூர்ந்து போகும். 2003ல அரசு வாங்குன 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட தெற்குக் குடா உப்பளப் பாத்திகளைத் திறந்து விட்டு சதுப்பாக்குற பெரிய திட்டமும் அப்ப ஆரம்பிச்சிருந்துச்சு, கரையை உடைச்சு புதுச் சேறு திறந்த உடனே முதல்ல வந்து உக்காரப் போறது கலப்புதானேங்குற பயம் நியாயமான பயம்.

அழிக்கிற கணக்கு

2000ல கலிஃபோர்னியா மாநிலக் கரையோரப் பாதுகாப்பு அமைப்பு இதுக்குன்னே தனித் திட்டம் போட்டுச்சு. இங்கதான் பெருக்கத்தோட உயிரியல் நேரா வேலைத்திட்டமா மாறுது. முதல் கேள்வி, பெரிய புல்வெளியை முதல்ல அடிக்கணுமா, தனியா நிக்கிற குட்டித் திட்டை அடிக்கணுமா? பார்வைக்கு பெருசுதான் எதிரி. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: 10,000 சதுர மீட்டர்ல ஒரே வட்டம் இருந்தா அதோட சுற்றளவு சுமார் 354 மீட்டர். அதே பரப்பு 100 சதுர மீட்டர் வட்டமா நூறா சிதறிக் கிடந்தா மொத்தச் சுற்றளவு 3,545 மீட்டர். வருஷத்துக்கு ஒரு மீட்டர் ஓரம் நகர்ந்தா பெருசு 360 சதுர மீட்டருக்குள்ளதான் கூடும், குட்டிகள் சேர்ந்து 3,800க்கு மேல. இதை 1988லயே மூடி, மேக்னு ரெண்டு ஆய்வாளர்கள் பொதுவா எல்லா ஊடுருவல் செடிக்கும் சொல்லி வச்சிருக்காங்க, சிதறல்களை முதல்ல பிடின்னு. ஆனா ஸ்பார்டினாவுல ஒரு இழுபறி உண்டு, பரப்புல வேகமா வளர்றது குட்டி, விதையைக் கொட்டுறது பெருசு. குட்டியை மட்டும் பிடுங்கிக்கிட்டே இருந்தா பெருசு வருஷாவருஷம் புதுக் குட்டி அனுப்பும். என்னைக் கேட்டா தன் மகரந்தத்துல விதை பிடிக்கிற கலப்பு இருக்குற இடத்துல இந்த ரெண்டுல ஒண்ணுன்னு தேர்வு பண்றதே தப்பு, கதிர் வர்றதுக்கு முன்னாடி எது கைக்கு எட்டுதோ அதையெல்லாம் அடிக்கணும், ஏன்னா ஒரு வருஷ விதையைத் தடுத்தாலே அடுத்த வருஷ முளைப்பு பெரும்பாலும் நின்னுரும், இருப்பு விதை கிடையாதே.

களைக்கொல்லி மருந்து விஷயத்துல முதல்ல கிளைபோசேட்தான் இருந்துச்சு, இலை மேல படிஞ்ச சேத்தோட அது ஒட்டிக்கிட்டு வேலை செய்யாம போயிடும், அடுத்த கடல் ஏற்றம் வர்றதுக்குள்ள காயவும் நேரம் பத்தாது. 2005ல கலிஃபோர்னியாவுல நீர்நிலைப் பயன்பாட்டுக்கு இமாசாபைர் அனுமதி கிடைச்ச பிறகுதான் நிலைமை மாறுச்சு. அது இலை வழியா இறங்கி ரைசோம் வரைக்கும் போயி அமினோ அமிலம் தயாரிக்கிற ஒரு நொதியை நிறுத்தும், செடி உடனே சாகாது, மெதுவா பட்டுப் போகும். பின்னாடி பெரிய காத்தாடி வச்சு தள்ளுற தட்டைப் படகு, சேத்துலயும் தண்ணியிலயும் ஓடுற வண்டி, சில இடத்துல ஹெலிகாப்டர், மத்தபடி முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு நடக்குறதுதான். உச்சத்துல குடா முழுக்க சேர்த்து 800 ஏக்கருக்கு மேல இருந்த கலப்பு, அதுக்கப்புறம் 95 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது.

இத்தோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், ஆனா நடுவுல ஒரு கானாங்கோழி வந்துச்சு. கலிஃபோர்னியா ரிட்ஜ்வே ரெயில்னு அழிவு நிலையில இருக்குற பறவை, 1970லேருந்து மத்திய அரசு பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. அது உயரமான அடர்த்தியான கலப்புப் புல்லுக்குள்ள போய் கூடு கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு, பெரிய ஏற்றம் வரும்போது ஒளியவும் அதுதான் இடம். புல்லை அழிச்ச இடத்துல பறவை எண்ணிக்கை விழுந்துச்சு. 2011ல சில இடங்கள்ல மருந்தடிக்கிறதை நிறுத்த வேண்டியதாச்சு. நிறுத்துன இடத்துல கலப்பு திரும்பக் கதிர் விட்டு பக்கத்துல சுத்தம் பண்ணி வச்சிருந்த இடத்துக்கும் விதை அனுப்புச்சு. இதுல காலண்டர் சிக்கலும் சேர்ந்துக்கிச்சு, பறவை குஞ்சு பொரிக்கிற காலம்னு பிப்ரவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் உள்ள போகக் கட்டுப்பாடு, அது முடியுறப்ப புல்லு கதிர் விட்டு நிக்கும்.

2014ல சயின்ஸ் இதழ்ல இதே குடாவை வச்சு ஒரு கணித மாதிரி வந்துச்சு, வேகமா அழிச்சுட்டு அப்புறம் நடலாம்னா பறவைக்கு நடுவுல இடமில்லாம போகும், அழிக்கிற வேகத்தைக் குறைச்சு நடவையும் கூடவே ஓட்டணும்னு. நடவும் நடந்துச்சு, லட்சக்கணக்கான பூர்வீகச் செடி, ஒளியறதுக்கு மேட்டுத் திட்டு, மிதக்குற செயற்கைத் திட்டு எல்லாம். ஆனா பூர்வீக ஃபோலியோசாவை நடுறதுலயும் அதே மகரந்தப் பிரச்சனை: பக்கத்துல கலப்பு பூத்து நிக்கிற வரைக்கும் நட்டா நட்டதெல்லாம் கலப்பு விதைக்குத் தாயாயிடும். அதனால முதல்ல அக்கம்பக்கம் கலப்பைக் குறைக்கணும், நாத்து எடுக்குற தாய்ச் செடியையே மரபணு சோதனை பண்ணி சுத்தம்னு பாத்துக்கணும்.

கடைசிக் கட்டத்துல மிஞ்சியிருக்குறது ரொம்பக் கொஞ்சம், ஆனா அதுதான் கஷ்டமான கொஞ்சம். பூர்வீகத்தோட திரும்பத் திரும்பக் கலந்த செடிகள் பார்வைக்கு ஃபோலியோசா மாதிரியே இருக்கும், அனுபவம் உள்ள ஆளே ஏமாறுவாரு, இலையைக் கிள்ளி லேபுக்கு அனுப்புனாதான் தெரியும். குடாவுக்கு வெளியில பொலினாஸ் காயல், டிரேக்ஸ் எஸ்டெரோ வரைக்கும் மிதந்து போன விதையில இருந்து முளைச்ச கலப்பைப் பிடுங்கியிருக்காங்க.

வில்லாப்பாவுல இந்த சந்தேகமே இல்ல, அங்க பச்சையா ஸ்பார்டினா தெரிஞ்சா அது வெளியூர்தான், பாத்தவுடனே அடிக்கலாம். இமாசாபைர் வந்த பிறகு பத்து வருஷத்துக்குள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர்ல இருந்து தேடிப் பாத்தாதான் கிடைக்கும்ங்கிற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. சான் பிரான்சிஸ்கோ அதைவிடச் சின்னப் பரப்பு, ஆனா வருஷாவருஷம் படகு, ஜிபிஎஸ், மாதிரிப் பை, லேப் ரிப்போர்ட்னு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, கதிர் வெளிய தள்றதுக்குள்ள ரிப்போர்ட் வந்தாத்தான் அந்த சீசனுக்கு அதால பிரயோஜனம்.